பினியன் மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது?

ஜீப் சரியாக 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டும்போது நடுக்கம் ஆரம்பிக்கும். முதலில் கியர் கம்பியின் குமிழ் மட்டும் உள்ளங்கையில் சிலிர்க்கும். 55-ல் டேஷ்போர்டு மேல் கிடக்கும் ரப்பர் பால்வெட்டுக் கத்தி மெல்ல ஊர்ந்து ஓரத்துக்கு வரும். 60-ல் சீட்டுக்கு அடியில் மாவு மில் ஓடுகிற மாதிரி ஒரு உறுமல். காதில் கேட்பதைவிட முதுகெலும்பில் கேட்பதுதான் அதிகம். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பாதியாகக் குறையும். மிதித்தால் மறுபடி வரும். கடைசியாகச் சொன்ன இந்த இரண்டிலேயே விடை இருந்தது. அது எனக்குப் புரிய நாலு மாதமும் தேவையில்லாத செலவும் ஆனது.

வண்டி, அப்பா வாங்கிய மகிந்திரா எம்.எம். 540. பூஷோ டீசல் இன்ஜின், ஃபோர் வீல், முன்னும் பின்னும் கமான் பட்டை (வளைந்த ஸ்பிரிங் அடுக்கு). குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் வழியில் உள்ளே ஏறினால் எங்கள் ரப்பர் விளை. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் அடித்ததில் விளையில் பாதி மரம் சாய்ந்தது. சாய்ந்த மரத்தை ஏற்றிப்போன லாரிகளும் அப்புறம் பெய்த மழைகளும் சேர்ந்து பாதையை ஓடையாக்கிவிட்டன. ரப்பர் ஷீட்டு ஏற்றி இறங்கும்போதெல்லாம் நடுவில் புடைத்து நிற்கும் பாறை ஹவுசிங்கில் (சக்கர அச்சின் கூடு) இடிக்கும். அப்போது வந்த யோசனைதான் வண்டியைத் தூக்குவது.

இதில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கமான் பட்டையின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிளை நீட்டினால் ஹவுசிங் ஒரு நூல்கூட உயராது. உயருவது சேசிஸ் மட்டும். ஹவுசிங்கை உயர்த்துவது டயர்தான். ஆனால் பெரிய டயர் போட்டால் மட்கார்டில் உரசும். உரசாமலிருக்க சேசிஸ் உயர வேண்டும். அப்படித்தான் 235/75 ஆர் 15 டயரும், பழையதைவிட மூன்று அங்குலம் நீளமான ஷேக்கிளும் வந்து சேர்ந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கூட்டாளி ஒருத்தனும் வீட்டு முற்றத்திலேயே மாட்டினோம். ஷேக்கிள் கமான் பட்டையின் ஒரு முனையில்தான் இருக்கிறது. அதனால் மூன்று அங்குலம் நீட்டினால் நடுவில், அதாவது ஹவுசிங்குக்கு மேலே, ஒன்றரை அங்குலம்தான் கிடைக்கும். இந்தக் கணக்கு அன்றைக்கே எங்களுக்குத் தெரியும். அதே கணக்கின் மறுபாதி தெரியாமல் போனதுதான் சங்கடம்.

அதன் பிறகு நடுக்கம் வந்ததும் எல்லாரும் சொன்னது டயர். நாகர்கோவிலில் இரண்டு இடத்தில் பேலன்ஸ் பார்த்தேன். இரண்டாவது இடத்துப் பையன் ஓட்டிப் பார்த்துவிட்டு, 'அண்ணே, இது சக்கரத்து ஆட்டம் இல்ல' என்றான். அவன் சொன்னதைக் காதில் வாங்கியிருக்கலாம். நான் நேராகப் போய் ஜாயிண்ட் கிராஸ் இரண்டு வாங்கிவந்தேன். இன்ஜின் சுற்றைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஷாஃப்ட் மடங்கியபடி சுற்ற, அதன் இரு முனை ஜாயிண்டிலும் இருக்கும் சிலுவைத் துண்டு அது.

பழைய கிராஸைக் கழற்றியபோது மாற்றினது சரிதான் என்று தோன்றியது. பின்பக்கக் கிராஸில் ஒரு கப்பைச் சுற்றிலும் செங்கல்பொடி மாதிரி துரு. கிரீஸ் காய்ந்து ஊசி பேரிங் அரைபடும்போது வருகிற பொடி அது. கையில் பிடித்து அசைத்தால் வழவழவென்று போகாமல் நடுவில் ஒரு இடத்தில் 'டிக்' என்று நின்று போனது. சர்க்கிளிப்பை எடுத்து, வைஸில் வைத்து அழுத்தி, புதியதை ஏற்றி, கிரீஸ் அடித்து, ஷாஃப்டை மாட்டினேன். ஸ்லிப் ஜாயிண்ட் (ஷாஃப்டின் நீளம் கூடிக் குறைய இருக்கும் பல்வெட்டுச் செருகல்) அழுக்காக இருந்ததே என்று அதையும் உருவித் துடைத்துச் செருகினேன். நல்லது செய்வதாக நினைப்பு.

மறுநாள் மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஏற்றிப் பார்த்தேன். நடுக்கம் 50-ல் இல்லை. 45-லேயே வந்துவிட்டது. (அந்தப் பாலம் இதற்கெல்லாம் உதவாது. இணைப்பு ஒவ்வொன்றிலும் 'தடக் தடக்' என்று விழும். எது பாலம், எது வண்டி என்று பிரிப்பதற்குள் இறங்கிவிடும்.)

அதற்கு மேல் பொருள் வாங்குவதை நிறுத்திவிட்டு உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தேன். சமதரையில் வண்டியைத் தள்ளவிட்டு, சக்கரத்தில் ஒரு சாக்பீஸ் கோடு, ஷாஃப்டில் ஒரு கோடு. சக்கரம் ஒரு சுற்று வர ஷாஃப்ட் ஐந்து சுற்றும், கால் சுற்றுக்குக் கொஞ்சம் மேலும் சுற்றியது. டயரின் சுற்றளவு சுமார் 2.3 மீட்டர். 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஏழு சுற்று, ஷாஃப்ட் ஏறக்குறைய 39 சுற்று. ஜாயிண்ட் கோணத்தால் வரும் உதறல் ஷாஃப்டின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை. அப்படியானால் நொடிக்கு 78.

இந்த மூன்று எண்ணும் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. நொடிக்கு ஏழு என்பது உடம்பில் உலுக்கலாகத்தான் தெரியும். ஸ்டியரிங் ஆடும், கன்னச் சதை ஆடும். 39 கொஞ்சம் தடித்த அதிர்வு. 78 என்பது உறுமல், மில் சத்தம். எனக்கு வந்தது மில் சத்தம். அந்தப் பையன் சொன்னது சரி.

இன்ஜினா என்று பார்க்க 60-ல் கிளட்சை மிதித்து நியூட்ரலில் விட்டேன். இன்ஜின் ஐடிலுக்கு இறங்கியும் உறுமல் கொஞ்சம் இருந்தது. ஆக இன்ஜின் இல்லை. அடுத்து முன் ஷாஃப்டைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டினேன், மாற்றமே இல்லை. அப்புறம் முன் ஷாஃப்டை மாட்டி, பின் ஷாஃப்டைக் கழற்றி, ஃபோர் வீல் லீவரைப் போட்டு முன்சக்கரத்தால் மட்டும் ஓட்டினேன். வெண்ணெய் மாதிரி போனது. பின் ஷாஃப்ட்தான் என்று உறுதியானது. இரண்டு முனையிலும் ஃபிளாஞ்ச் (போல்ட் பூட்டும் தட்டை வட்டு) வைத்துப் பூட்டிய ஷாஃப்ட் என்பதால் இப்படிக் கழற்றி ஓட்டலாம். கியர்பாக்ஸுக்குள்ளேயே செருகும் வகை என்றால் ஆயில் கொட்டிவிடும், முயல வேண்டாம்.

இந்த இடத்தில் ஒரு கூத்து. பின் ஷாஃப்டைக் கழற்றின பிறகு கியரில் போட்டு நிறுத்தினால் பின்சக்கரத்துக்கும் கியருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எனக்கு அது தெரியும். ஆனாலும் ஃபோர் வீல் லீவரை எடுத்துவிட்டு, பழக்கத்தில் கியரில் மட்டும் போட்டுவிட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல் சாயா குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது வண்டி நாலடி உருண்டு ஒரு ரப்பர் மரத்தில் சாய்ந்து நின்றது. சிரட்டை நசுங்கி, காலையில் வெட்டிய பால் முழுக்க பம்பரில் வழிந்து, வெயிலில் உறைந்துவிட்டது. உரித்து எடுக்க ஒரு மணி நேரம். ஒட்டுப்பாலோடு சேர்த்துப் போட்டேன், வீணாகவில்லை.

மார்த்தாண்டம் பக்கம் ஒரு பட்டறையில், வயதான ஆசான் ஒருத்தர் இருக்கிறார். எஸ்டேட் ஜீப்புகளிலேயே வாழ்நாளைக் கழித்தவர். இப்போது பெரிதாக வேலை எடுப்பதில்லை. வருகிறவர்களைத் திட்டுவதற்கு மட்டும் உட்கார்ந்திருக்கிறார். வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்ததும் அவர் கேட்டது, 'ஸ்லிப்ப உருவினது ஆரு?'

'நாந்தான் ஆசானே.'

'ஒரு பல்லு தள்ளிச் செருகியிருக்க மக்கா. ரெண்டு கவையும் ஒரே நேருல இருக்கணும், கேட்டியா. இதுல ஒண்ணு கெழக்க பாக்குது, மத்தது தென்கெழக்க பாக்குது.'

ஷாஃப்டின் இரு முனையிலும் கிராஸைப் பிடிக்கும் கவைகளின் காதுகள் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். பழைய ஷாஃப்டில் அதற்காகவே இரண்டு அம்புக்குறி வெட்டியிருந்தது. பெயிண்டுக்கும் மண்ணுக்கும் அடியில் இருந்ததை நான் பார்க்கவில்லை. உருவுவதற்கு முன் ஒரு கோடு கிழித்திருந்தால் போதும். அதைச் சரிசெய்ததும் 45-ல் வந்த நடுக்கம் மறுபடி 50-க்குப் போனது. அதாவது, நான் புதிதாகச் சேர்த்த கோளாறு போய், பழைய கோளாறு பத்திரமாக இருந்தது.

'ஒசரத்த அளந்தேங்கிற. கோணத்த அளந்தியா?' என்று ஆசான் கேட்டார். இல்லை என்றேன். மேலும் திட்டு.

அவர் காட்டியதை எழுதிவிடுகிறேன், ஏனென்றால் படித்துப் புரியாதது அன்று பார்த்துப் புரிந்தது. கழித்துப்போட்ட ஒரு பழைய ஜாயிண்டின் ஒரு முனையைக் குழாயில் செருகி வைஸில் தளர்வாகப் பிடித்தார். மறுமுனையை 30 டிகிரி அளவுக்கு மடக்கி, சுற்றும்படி தாங்கு வைத்தார். இந்தப் பக்கம் வட்டத்தை எட்டு சமபங்காக்கி, 45 டிகிரிக்கு ஒரு கோடாக என்னைப் போடச் சொன்னார். ஒவ்வொரு கோடாக நான் சுற்ற, அந்தப் பக்கம் அவர் கோடு போட்டுக்கொண்டே வந்தார். என்னுடைய கோடுகள் எல்லாம் ஒரே இடைவெளி. அவருடைய கோடுகளில் ஒரு இடைவெளி 41 டிகிரி, அடுத்தது 49, மறுபடி 49, மறுபடி 41. நான் சீராகச் சுற்றியும் அந்தப் பக்கம் ஓடியும் நின்றும்தான் சுற்றியிருக்கிறது. ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை ஓட்டம், இரண்டு தடவை தயக்கம்.

முன்னால் இருக்கும் ஜாயிண்ட் செய்கிற இந்தக் கோணலை, பின்னால் இருக்கும் ஜாயிண்ட் அதே அளவு கோணத்தில் இருந்தால் நிமிர்த்திவிடும். சக்கரத்துக்குச் சீரான சுற்று போய்ச்சேரும். இரண்டு கோணமும் சமமாக இல்லையென்றால் மிச்சக் கோணல் ஹவுசிங்கை உலுக்கும். இவ்வளவுதான் விஷயம். டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து (கியர்பாக்ஸின் சுற்றை முன், பின் ஷாஃப்டுக்குப் பிரித்தனுப்பும் பெட்டி) வெளியே வரும் தண்டும் பினியன் தண்டும் (ஹவுசிங்கிலிருந்து மூக்குபோல முன்னால் நீட்டி, ஷாஃப்டின் சுற்றை வாங்குவது) ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால் இரண்டு கோணமும் தானாகவே சமமாகிவிடும். பக்கத்திலிருந்து பார்த்தால், தண்டவாளம் இரண்டும் நடுவில் சாய்த்துவைத்த ஏணியும் மாதிரி. ஏணியாக இருப்பது ஷாஃப்ட்.

ஷேக்கிள் கணக்கின் மறுபாதி இங்கேதான் வருகிறது. என் வண்டியில் பின் கமான் பட்டைக்கு ஷேக்கிள் பின்முனையில். அதை நீட்டினால் பட்டையின் பின்முனை மட்டும் கீழே போகும்; பட்டை உருளும்; அதில் பூட்டிய ஹவுசிங்கும் உருளும். எந்தப் பக்கம் என்று கையை வைத்துப் பார்த்தாலே தெரியும். பின்முனையை நீளமான ஷேக்கிள் வண்டியிலிருந்து தள்ளி நிறுத்துகிறது, முன்முனை அதே இடத்தில் நிற்கிறது. வண்டி அந்த அளவுக்கு மேலே ஏறும்போது பட்டையின் முன்முனையும் கூடவே ஏற வேண்டும். இதை யோசித்து நான் 'அப்படியானால் பினியன் மூக்கு மேலே போயிருக்கும்' என்றேன். ஆசான், 'அளந்து சொல்லு' என்றார்.

விளையில் ஷீட்டு காயப்போடும் சிமெண்டு முற்றம் நல்ல சமதளம். அங்கே வைத்து அளந்தேன். நாலு சக்கரமும் தரையில், வண்டியின் பாரம் கமான் பட்டைமேல். ஜாக்கியில் தூக்கி அளந்தால் கிடைப்பது வேறு எண். கருவி, என் மகளின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்த பாகைமானி. நடு ஓட்டையில் நூல், நூலின் நுனியில் ஒரு நட்டு. ஃபிளாஞ்சின் முகத்தில் பாகைமானியின் நேர்விளிம்பை ஒட்டவைத்தால், செங்குத்தாகத் தொங்கும் நூலிலிருந்து விளிம்பு எத்தனை டிகிரி விலகுகிறது என்று தெரியும். ஷாஃப்டுக்கு, குழாயின் அடிப்பக்கத்தில் விளிம்பை வைக்க வேண்டும். மலையிலிருந்து இறங்கும் காற்றில் நட்டு ஆடிக்கொண்டே இருந்தது. சாக்கை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு மூன்று தடவை படித்து நடுவானதை எழுதினேன். செல்போன் மட்டமும் அரை டிகிரிக்குள் ஒத்துவந்தது.

டிரான்ஸ்ஃபர் கேஸ் தண்டு பின்னோக்கி 4 டிகிரி சரிவு. ஷாஃப்ட் 16 டிகிரி சரிவு. பினியன்? 0. மூக்கு மேலேயும் பார்க்கவில்லை, கீழேயும் பார்க்கவில்லை. நேராக முன்னால் பார்க்கிறது. இணையாக இருக்க வேண்டுமானால் 4 டிகிரி அண்ணாந்து பார்க்க வேண்டும். நான் யோசித்ததற்கு நேர் எதிராக, மூக்கு இறங்கியிருந்தது. கணக்குப்படி, பட்டையின் முன்முனை சேசிஸோடு பூட்டியது, பின்முனை முன்பைவிட மூன்று அங்குலம் கூடுதலாகத் தொங்க வேண்டும். சேசிஸை மட்டமாக வைத்துப் பார்த்தால் பட்டை பின்னால் சரிந்து, முன்னால் நிமிர்ந்ததுபோலத்தான் தோன்றுகிறது. ஆனால் என் வண்டியில் நீட்டின பின் ஷேக்கிள் சும்மா தொங்கவில்லை. பாரத்தில் பின்பக்கமாகப் படுத்து பட்டையின் பின்முனையைச் சேசிஸ் அருகே மேலே ஏற்றிவிட்டிருந்தது. அதோடு, பழைய நடுப்பட்டையும் ஒரு பக்கம் வளைவு இழந்திருந்தது. காகிதத்தில் போட்ட கணக்கில் இதெல்லாம் எங்கே இருக்கிறது? ஆசான் அளக்கச் சொன்னது இதற்குத்தான் போல.

கோணங்களைக் கழித்தால், முன் ஜாயிண்ட் 12 டிகிரி, பின் ஜாயிண்ட் 16. 12 டிகிரியில் வேகம் இரண்டு பக்கமும் சுமார் 2.2 சதவீதம் கூடிக் குறையும்; 16-ல் சுமார் 4 சதவீதம். கோணம் கொஞ்சம் கூடினாலும் உதறல் நிறையக் கூடும் என்பதால்தான் இந்த நாலு டிகிரி வித்தியாசம் இவ்வளவு பாடுபடுத்தியது.

காலை எடுத்தால் குறைந்ததற்கும் காரணம் கிடைத்தது. மிதிக்கும்போது சக்கரத்தைத் தள்ளுகிற எதிர்விசையில் ஹவுசிங் பின்னோக்கி முறுக்கிக்கொள்ளும், பினியன் மூக்கு மேலே எழும்பும். காலை எடுத்தால் இறங்கும். அதை மட்டும் பார்த்தால், மிதித்தால் கோணம் ஒத்துவந்து நடுக்கம் குறைய வேண்டும், எனக்கோ கூடியது. தொய்ந்த பட்டை அளவுக்கு மீறி முறுக்கிக்கொண்டது ஒரு பக்கம். பாரம் ஏறினால் கோணலான சுற்று இன்னும் பலமாக உதைக்கும் என்பது இன்னொரு பக்கம். எது எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்ல எனக்குக் கருவி இல்லை.

வழி மூன்று இருந்தது. டிரான்ஸ்ஃபர் கேஸை இறக்குவது. இறக்கினால் இன்ஜின் சாயும், ஃபேன் ரேடியேட்டர் பக்கம் போகும், லீவர்கள் இழுபடும். டபுள் ஜாயிண்ட் வைத்த ஷாஃப்ட் செய்வது. அதற்குப் பினியன் மூக்கு நேரே டிரான்ஸ்ஃபர் கேஸைப் பார்க்க வேண்டும், செலவும் அதிகம். மூன்றாவது, பட்டையைச் சரியாக்கி, பட்டைக்கும் ஹவுசிங்குக்கும் இடையில் ஆப்பு வைப்பது. ஆசான் அதைத்தான் சொன்னார், அதுவும் அந்த மூன்று அங்குல ஷேக்கிளைக் கழற்றி என் கண்ணில் படாத இடத்தில் எறிந்த பிறகு.

ஒன்றரை அங்குலம் நீளமான ஷேக்கிள் செய்தோம். தொய்ந்த பட்டையை மாற்றி, புஷ் எல்லாம் புதிதாகப் போட்டோம். இறக்கி, வண்டியைக் கொஞ்சம் ஓட்டி அமரவிட்டு அளந்தால்: டிரான்ஸ்ஃபர் கேஸ் நாலரை, ஷாஃப்ட் பதினாலரை, பினியன் ஒன்றரை. ஜாயிண்ட் கோணம் முன்னால் 10, பின்னால் 13. வித்தியாசம் நாலிலிருந்து மூன்றானது. இரண்டு டிகிரி ஆப்பு வைத்தால் பினியன் மூன்றரையாகும். ஒரு டிகிரி தாழ்வாக நிற்கும். அந்த ஒரு டிகிரி வேண்டுமென்றே விட்டது. ஓடும்போது மூக்கு எழும்பி அதை நிரப்பிக்கொள்ளும்.

ஆப்பு, லேத் பட்டறையில் இரும்பில் வெட்டியது. அலுமினியத்தில் மலிவாகக் கிடைக்கும். நம் பாதைக்கு அது விண்டுபோகும். 125 மில்லிமீட்டர் நீளத்துக்கு இரண்டு டிகிரி என்றால் இரண்டு முனைக்கும் கனத்தில் 4.4 மில்லிமீட்டர் வித்தியாசம். மெல்லிய முனை 3, தடித்த முனை 7.4. எந்தப் பக்கம் தடித்த முனை? இந்தத் தடவை யோசிக்கவில்லை. மரச்சீனிக் கம்பு ஒரு துண்டை ஹவுசிங்காகவும் அதில் ஒரு ஆணியை மூக்காகவும் வைத்துப் பார்த்தேன். என் வண்டியில் பட்டை ஹவுசிங்குக்குக் கீழே. மூக்கு எழும்ப, தடித்த முனை முன்னால். பட்டை ஹவுசிங்குக்கு மேலே இருக்கும் வண்டிகளில் தடித்த முனை பின்னால்.

நடு போல்ட் நீளமானது போட வேண்டும். பழையதையே போட்டால் அதன் தலை ஹவுசிங் கட்டையின் குழியில் எட்டாது. ஒரு நாள் ஹவுசிங் நழுவும். பட்டையையும் ஹவுசிங்கையும் சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட்டும் அப்படியே. நாலு நட்டையும் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினோம். கடைசியாக சேசிஸில் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தொங்கவிட்டு இரண்டு பார்த்தோம். பிரேக் ஹோஸ் விறைக்கவில்லை. ஸ்லிப் ஜாயிண்ட் ஒன்றரை அங்குலம் உள்ளே பிடித்திருந்தது. பழைய ஷேக்கிளில் ஒன்றே காலுக்கு இறங்கியிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

ஓட்டிப் பார்க்க ஆரல்வாய்மொழிக்குப் போனேன், சுருளக்கோடு, பூதப்பாண்டி வழியாக. ஆனி மாசம். கணவாயில் மேல்காற்று அடித்துக்கொண்டிருந்தது. முப்பந்தலில் காற்றாலை எல்லாம் முழு வேகத்தில். போகும்போது காற்று முதுகில்; காலை லேசாக வைத்தாலே 65. சத்தமில்லை. திரும்பும்போதுதான் பரீட்சை: எதிர்காற்றில் கூரைத்துணி படபடக்க, 60-க்கே ஆக்சிலேட்டரை முக்கால்வாசி மிதிக்க வேண்டியிருந்தது. மூக்கு எவ்வளவு எழும்புமோ அவ்வளவும் எழும்பியிருக்கும். குமிழில் கையை வைத்தேன். டீசல் இன்ஜினின் வழக்கமான துடிப்பு மட்டும். கத்தி வைத்த இடத்திலேயே கிடந்தது. 68-ல் மெல்லிய ஒரு ரீங்காரம் வந்து 72-ல் போனது. அது 10 டிகிரிக் கோணத்தின் பங்கு. இரண்டு ஜாயிண்டும் ஒன்றையொன்று நிமிர்த்தினாலும் நடுவில் ஷாஃப்ட் ஓடியும் தயங்கியும்தானே சுற்றுகிறது. ஷீட்டு ஏற்றினால் பின்பக்கம் தாழ்ந்து அதுவும் கேட்பதில்லை.

150 கிலோமீட்டர் ஓடின பிறகு யூ போல்ட்டை மறுபடி முறுக்கிப் பார்த்தேன். இடப்பக்கம் இரண்டு நட்டு கால் சுற்று வாங்கியது. ஆசானுக்கு ஒரு குலை மட்டிப்பழம் கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டு, முன் ஷாஃப்டைக் குனிந்து பார்த்துவிட்டு, 'இதையும் உருவினியா?' என்றார்.